நூல் கோக்காத பதினோரு பேர்

அத்தியாயம் 6

"இதுல ஒருத்தர்கூட தையல்காரங்க இல்ல" என்றார் அண்ணி.

மேனேஜர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் சொன்னேன்ல? பதினோரு பேரும் போலி."

"போலின்னு நான் சொல்லலியே. தையல்காரங்க இல்லன்னுதான் சொன்னேன்."

காலை பத்து மணிக்கே அண்ணி களைத்துப்போயிருந்தார். இருபத்திரண்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் விசாரிக்கிற வேலை. எரியாத கடை எரிந்ததா, சாகாத மாடு செத்ததா என்று ஊர் ஊராக அலைந்து முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டது. அண்ணன் போன பிறகு ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்துத் துப்பறியும் ஆபீஸ் போட்டார். என் போன் கடை மூழ்கின மாசமே நானும் அங்கே ஒட்டிக்கொண்டேன். கோப்பு தூக்குவது, பஸ்ஸில் இடம் பிடிப்பது, எதிராளி வாயைத் திறக்காதபோது நான் திறப்பது, இதுதான் என் உத்தியோகம். எதிராளி பேசும்போதும் நான் பேசுவேன். அதில் மட்டும் அண்ணிக்கு என்மேல் வருத்தம்.

நாங்கள் உட்கார்ந்திருந்தது ஒரு சின்ன டிரஸ்ட்டின் ஆபீஸ். கைத்தொழில், சிறு வியாபாரம் செய்கிறவர்களைப் படம் எடுத்து, அவர்களைப் பற்றி நாலு வரி எழுதி, வெப்சைட்டில் போடுவார்கள். உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து யாரோ பார்த்து, மனசு வந்து, ஆளுக்குக் கொஞ்சமாகத் தன் கைக்காசைக் கடனாகக் கொடுப்பார்கள். வட்டி கிடையாது, முதல் திரும்பினால் போதும். கேட்ட தொகை முப்பது நாளில் சேர்ந்தால் கடன் கிடைக்கும். சேராவிட்டால் படத்தை இறக்கிவிடுவார்கள்.

அப்படிக் கடன் கொடுக்கிற ஒரு வெளிநாட்டு அம்மாள் டிரஸ்ட்டின் போர்டுக்கு எழுதிய கடிதம்தான் எங்களை இங்கே கொண்டுவந்திருந்தது. மொழிபெயர்த்த பிரதியை மேனேஜர் நீட்டினார். நான் வாசித்தேன்.

"நான் முப்பத்தோரு வருஷம் சட்டை ஃபேக்டரியில் தையல் மெஷின் ஓட்டினேன். அதனால் தையல்காரப் பெண்களுக்கு மட்டும் கடன் கொடுப்பது என் வழக்கம். ஆறு வருஷத்தில் உங்கள் ஊரில் பதினோரு பேருக்குக் கொடுத்திருக்கிறேன். போன வாரம் பதினோரு படத்தையும் மேஜையில் பரப்பிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே மெஷின். சக்கரத்தில் ஒரே இடத்தில் பெயிண்ட் உதிர்ந்திருக்கிறது. ஒரு படத்தில்கூட ஊசியில் நூல் இல்லை. ஏன் என்று சொல்வீர்களா?"

"இந்த அம்மாவை நம்ம ஆபீஸ்ல சேத்துக்கலாம் அண்ணி. என்னைவிட உருப்படியா இருப்பாங்க" என்றேன்.

மேனேஜர் சிரிக்கவில்லை. இஸ்திரி கலையாத சட்டை போட்ட மனுஷர் அவர். "பதினோரு படமும் எடுத்தது எங்க கள அலுவலர். எந்நேரமும் பெரிய பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு சுத்துறதால பையக்கான்னு கூப்பிடுவாங்க. ரெண்டு நாளா சஸ்பெண்ட். கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறாங்க. நாலு மணிக்கு போர்டு கூடுது. ஆளுங்க போலின்னு நீங்க ஒரு தாள்ல எழுதிக் குடுத்தா போதும், போலீஸ்ல ஒப்படைச்சிடலாம்."

"கடன் யாராவது பாக்கி வெச்சிருக்காங்களா?" என்று கேட்டார் அண்ணி.

"அதுதான் பெரிய சந்தேகமே. ஒருத்தர்கூட ஒரு நாள் பிந்தினதில்ல. இந்த மாசம் வரைக்கும் கட்டியாச்சு. நெஜ மனுஷங்க இப்படியா கட்டுவாங்க?"

"நான்கூட ஒரு மாசம் அப்படிக் கட்டியிருக்கேன் சார்" என்றேன். "மறு மாசம் கடையே இல்ல."

படங்கள் எங்களைப் பார்த்தபடி மேஜையில் கிடந்தன. மேனேஜர் தன் பக்கத்திலிருந்து, தலைகீழாகப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சொன்னார். "இது தண்ணித்தொட்டித் தெரு. இது ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். இதுவும் தண்ணித்தொட்டித் தெரு..." கடைசிப் படத்தில் மட்டும் விரல் நின்றது. அண்ணி அந்த விரலை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, மூன்றாவது படத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"கீழ் ஓரத்துல பெடலைப் பாரு தம்பி."

பார்த்தேன். முழங்கால் வரை ஏறின கறுப்பு ரப்பர் பூட்ஸ்.

"தைக்கிறவங்க செருப்பைக்கூட கழட்டி விட்டுட்டுத்தான் பெடல்ல கால் வைப்பாங்க" என்றார் அண்ணி. "ஆனா ஆளைச் செட்டப் பண்றவளும் பூட்ஸோட உக்கார வைக்க மாட்டா. இது வேலைக்கு நடுவுல ஓடி வந்து உக்காந்த காலு. அந்த அம்மா நெஜம். தொழில்தான் வேற."

"அதை எங்க போய்த் தேடுறது?"

"மெஷினைத் தேடுவோம். ஸ்டாண்டு கால்ல சாக்பீஸால என்னமோ எழுதியிருக்கு பாரு."

நாற்பத்தியேழு. முதல் படத்திலும் நாற்பத்தியேழு. ஆறு வருஷம் கழித்து எடுத்த கடைசிப் படத்திலும் நாற்பத்தியேழு.

"சாக்பீஸ் எழுத்து ஒரு தடவை துடைச்சா போயிடும். ஆறு வருஷமா துணி படாத மெஷின் எங்க இருக்கும்?"

"எங்க வீட்ல இருக்கும்."

"ரிப்பேர் கடையில இருக்கும். டெலிவரி எடுக்க ஆளே வராத மெஷினுக்குத்தான் நம்பர் அழியாது. பையை எடு."

தையல் மெஷின் ரிப்பேர் கடைகள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வரிசையாக ஆறு இருந்தன. ஐந்தில் நாற்பத்தியேழாம் நம்பரே இல்லை. ஆறாவது கடை மாடியில். அண்ணி ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினார். "குற்றவாளிங்க எல்லாம் தரைத் தளத்துல இருக்கணும்னு ஒரு சட்டம் போடணும்" என்றேன். பதில் சொல்ல அவரிடம் மூச்சு இல்லை.

மெக்கானிக் நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடியை ஏற்றிக் கட்டிக்கொண்டு, ஒரு மெஷினின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தார். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் நின்றபடியே அண்ணி கேட்டார். "நாப்பத்தியேழு ரெடியா?"

"அது ரெடியாகாதும்மா" என்றது மெஷினுக்குள்ளிருந்து குரல். "ஷட்டில் இல்ல, பெல்ட் இல்ல, ஓனரும் இல்ல."

அப்புறம்தான் அவருக்கு ஏதோ உறைத்தது. தலையை வெளியே எடுத்தார். அண்ணி கையிலிருந்த படங்களைப் பார்த்ததும் எண்ணெய்க் கையைத் துணியில் துடைக்க ஆரம்பித்து, துடைத்துக்கொண்டே இருந்தார்.

"போலீஸா?"

"போலீஸா இருந்தா பஸ்ஸுல நின்னுக்கிட்டு வருவோமா?" என்றேன்.

ஜன்னலோரம், நல்ல வெளிச்சத்தில் நின்றிருந்தது அந்த மெஷின். சக்கரத்தில் பெயிண்ட் உதிர்ந்த இடம் காசளவுக்குப் பளபளத்தது.

"தப்பா எதுவும் நடக்கல" என்றார் மெக்கானிக். "பையக்கா வருவாங்க, கூட ஒரு பொம்பளை வரும். மெஷின் முன்னால உக்காரும், கைய வைக்கும், சிரிக்கும், போயிடும். அஞ்சு நிமிஷ வேலை. நான் அஞ்சு காசு வாங்கினதில்ல. ஒரு அம்மா சக்கரத்தைப் பின்பக்கமா சுத்துனாங்க. அது ஒண்ணுதான் எனக்குத் தாங்கல."

"எத்தனை பேர் வந்தாங்க?"

"பத்து பேர்."

"என்கிட்ட பதினோரு படம் இருக்கு."

மெக்கானிக் திரும்பவும் துணியைத் தேடினார். அண்ணி கடைசிப் படத்தை மெஷின் பலகைமேல் வைத்தார். அதில் இருந்தவள் தலையை நன்றாகக் குனிந்திருந்தாள். முகம் தெரியவில்லை. படமே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பாதிக்குமேல் சுவர். மேல் மூலையில் மங்கலாக ஏதோ ஒரு சிவப்பு.

"மத்த பத்தும் அளந்து வெச்ச மாதிரி நேரா இருக்கு" என்றார் அண்ணி. "இதை எடுத்தது வேற கை. மூலையில கட்டைவிரல் வேற விழுந்திருக்கு."

மெக்கானிக் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார். திருடனை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தவர் மாதிரி.

"வழக்கமா படம் எடுக்கிறவங்க அன்னைக்கு எடுக்கல. ஏன்னா அவங்க படத்துக்குள்ள உக்காந்திருந்தாங்க. சரிதானே?"

"பையக்காதான்" என்றார் அவர். "எட்டு மாசம் இருக்கும். தனியா வந்தாங்க. போனை என் கையில குடுத்து, அண்ணே ஒரு படம் எடுங்கன்னாங்க. எதுக்குன்னு நான் கேக்கல. அன்னைக்கு அவங்க முகம் கேக்கற மாதிரி இல்லம்மா."

பதினோரு பேரைக் காப்பாற்றப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு படியேறி வந்தோம். இறங்கும்போது பையக்கா தானே உட்கார்ந்து ஒரு பொய்க் கடன் வாங்கியிருக்கிறாள் என்ற சேதியைச் சுமந்துகொண்டு இறங்கினோம்.

இறங்குவதற்கு முன் அண்ணி பூட்ஸ் படத்தைக் காட்டி விசாரித்திருந்தார். மெக்கானிக் பார்த்ததும் சொல்லிவிட்டார். "இது ஸ்பிரிங் அம்மா. போன வாரம்கூட இந்தக் கட்டடத்துக் குழாய்ல அடைப்பு எடுத்தாங்க. இன்னைக்கு பெரிய லாட்ஜுக்குப் பின்னால வேலை."

லாட்ஜுக்குப் பின்னால் ஒரு குறுகிய சந்து. சமையலறைக் கழிவெல்லாம் வந்து விழுகிற தொட்டியின் மூடி திறந்து கிடந்தது. நாற்றம் நம்மை வந்து கைகுலுக்கி வரவேற்கிற ரகம். நாற்பத்தைந்து வயசு மதிக்கத்தக்க ஒரு பெண், குழாய்க்குள் நீளமான இரும்புச் சுருளை விட்டு, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். அந்தச் சுருள்தான் ஸ்பிரிங். அதனால்தான் ஸ்பிரிங் அம்மா.

அண்ணி படத்தைக் காட்டினார். அந்த அம்மா கையை நிறுத்தாமலே எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"மாட்டிக்கிட்டோமா அக்கா?"

"நீங்க தைப்பீங்களா?"

"பட்டன் கட்டுவேன். அதுவும் ரெண்டாம் நாள் விழுந்துடும்."

"அப்புறம் எதுக்கு இந்தப் படம்?"

ஸ்பிரிங் அம்மா கைப்பிடியை விட்டார். கையுறையைக் கழற்றி, டூல்ஸ் பெட்டியின் மூடிக்கு அடியில் செருகியிருந்த ஒரு தாளை எடுத்தார். லேமினேட் செய்த தாள். டிரஸ்ட்டின் வெப்சைட் பக்கம். அதில் இதே அம்மா, இதே பூட்ஸ், தோளில் இந்த ஸ்பிரிங்கை மாலை மாதிரி போட்டுக்கொண்டு நின்றார்.

"இதுதான் முதல்ல போட்டது. பையக்கா உள்ளதை உள்ளபடி எழுதினாங்க. சாக்கடை அடைப்பு எடுக்கிறேன், ஒரு ஸ்பிரிங் மெஷின் வாங்கணும்னு. முப்பது நாள் உலகம் பூரா என் மூஞ்சி இருந்துச்சு. ஒருத்தர் காசு போடல அக்கா. ஒருத்தர்கூட. முப்பத்தோராம் நாள் எடுத்துட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு நாள் பையக்கா வந்து, பூட்ஸோட வாங்கன்னு இழுத்துக்கிட்டு போனாங்க. மெஷின் முன்னால உக்காந்தேன். தையல்காரின்னு போட்டாங்க. ரெண்டு மணி நேரம். முழுப் பணமும் வந்துடுச்சு." அவர் குழாயைக் காட்டினார். "இந்த ஸ்பிரிங் அதுல வாங்கினதுதான். ஒரு தவணை தவறல."

நான் ஏதாவது சொல்லுவேன் என்று அண்ணி என்னைப் பார்த்தார். கடை மூழ்குகிற சமயத்தில் நானும் முப்பது நாள் பல வாசலில் நின்றிருக்கிறேன். கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிற முகங்கள் எனக்கு நன்றாகத் தெரியும்.

"இந்தத் தாளை ஏன் பத்திரமா வெச்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"யாரும் காசு போடலன்னா என்ன? படம் நல்லா இருக்குல்ல?"

மற்ற ஒன்பது பேரையும் அவரே சொன்னார். பூட்டு சாவி செய்கிறவள் ஒருத்தி. எலி பிடிக்கிறவள் ஒருத்தி. ஆஸ்பத்திரியில் மற்றவர்களுக்காக வரிசையில் நிற்கிறவள். பழைய பேட்டரி வாங்கி விற்கிறவள். அக்காள் தங்கை இரண்டு பேர், கட்டடம் இடிக்கிற கான்டிராக்ட். யாருடைய தொழிலும் படத்தில் அழகாக விழாத தொழில். எல்லாரும் இரண்டே தெருக்காரர்கள்.

"அப்புறம் கட்டில் அக்கா" என்றார். "நோயாளி கட்டில், சக்கர நாற்காலியெல்லாம் வாங்கி வீடுகளுக்கு வாடகைக்கு விட்டாங்க. பாவம், எட்டு மாசம் முன்னால அவங்களே அந்தக் கட்டில்ல படுத்து, போய்ச் சேந்துட்டாங்க."

அண்ணி கோப்பைத் திறந்தார். கட்டில் அக்காவின் நிஜப் பேரைக் கேட்டு, மேனேஜர் கொடுத்த தவணைக் கணக்குத் தாளில் விரலை ஓட்டி ஒரு வரியில் நிறுத்தினார். கட்டில் அக்கா இந்த மாசத் தவணையையும் கட்டியிருந்தார். சரியாக ஒன்றாம் தேதி.

"போன இடத்துல நல்ல வருமானம் போல" என்றேன். சொன்ன பிறகு எனக்கே பிடிக்கவில்லை.

அண்ணி லேமினேட் தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைப் படித்தார். இரண்டு தடவை படித்தார். "இதை ஒரு நாள் கடன் குடுப்பீங்களா?"

"வட்டி உண்டா?" என்று சிரித்தார் ஸ்பிரிங் அம்மா. கொடுத்தார்.

மூன்றரை மணிக்கு டிரஸ்ட் ஆபீசுக்குத் திரும்பியபோது, போர்டு அறைக்கு வெளியே பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயசு இருக்கும். மடியில் பெரிய பை. யார் என்று கேட்கத் தேவையே இல்லை.

அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து முட்டியை நீவிக்கொண்டார்.

"கட்டில் அக்கா எப்படிப் போனாங்க?" என்று கேட்டார் அண்ணி.

பையக்காவின் கை பையின் வாரை இறுக்கிப் பிடித்தது. "கிட்னி."

"அவங்க தவணையை நீங்க கட்டுறீங்க."

பையக்கா ஆமென்று தலையசைத்தாள்.

"பதினொண்ணாவது கடனை அதுக்குத்தான் எடுத்தீங்க. யார் பேர்ல?"

"எங்கம்மா பேர்ல. அவங்க அடையாள அட்டையை வெச்சு" என்றாள். குரல் தட்டையாக வந்தது. "அம்மா போய் ரெண்டு வருஷமாச்சு. அட்டையைத் திருப்பிக் குடுக்கல."

செத்தவர் கடனைச் செத்தவர் அடைத்துக்கொண்டிருந்தார். உயிரோடு இருக்கிற நாங்கள் மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இறந்துட்டாங்கன்னு ஆபீஸ்ல சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"ஒரு தெருவுல ஒருத்தர் கட்டலன்னா, அந்த ஏரியாவுக்கே ஒரு வருஷம் கடன் கிடையாது. அது ரூலு. மாசா மாசம் நான் நிரப்புற படிவத்துல 'கட்டினார்'னு ஒரு கட்டம் இருக்கு. 'கட்டவில்லை'ன்னு ஒரு கட்டம் இருக்கு. 'இறந்துவிட்டார்'னு கட்டம் இல்ல சார். கேட்டுப் பாத்தேன். 'கட்டவில்லை'ல டிக் பண்ணுன்னாங்க." அவள் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை, துடைக்க ஒன்றும் இல்லை. அழுது முடித்தவள் முகம் அது. "ஒன்பது பேரு பொழப்பு அதுல நிக்குது. மொதல்ல என் சம்பளத்துல கட்டலாம்னு பாத்தேன். முடியல. ஸ்டாஃபுக்கும் கடன் கிடையாதுன்னு ரூலு. வேற வழி தோணல."

"உங்க கைக்குன்னு எடுத்துக்கிட்டது?"

"ஒண்ணுமில்ல. ஆனா அதை எப்படி நிரூபிக்கிறதுன்னு தெரியல. அதான் பேசாம இருந்தேன். நான் வாயத் திறந்தா அவங்க பத்து... ஒன்பது பேரு தொழிலும் வெளில வந்துடும்."

கதவு திறந்தது. எங்களைக் கூப்பிட்டார்கள்.

போர்டு என்பது மூன்று பேர். நடுவில் தலைவர், ரிட்டயரான டாக்டர். மற்ற இரண்டு பேரும் தலையாட்ட வந்தவர்கள். மேனேஜர் ஓரமாக நின்றார். அண்ணி ஒரே ஒரு பக்கம்தான் எழுதியிருந்தார், பஸ்ஸில் வரும்போதே, கடைசி வரியை மட்டும் பெஞ்சில். அதை நான் வாசித்தேன். பத்து பெண்களும் நிஜம். பத்து தொழிலும் நிஜம். தையல் மட்டும் பொய். பதினொன்றாவது ஆள் இல்லை, அந்தக் கடன் இறந்துபோன ஒருவரின் தவணைக்குப் போயிருக்கிறது. எதையும் மறைக்கவில்லை.

மேனேஜர் பெருமூச்சு விட்டார். "எவ்வளவு பெரிய ஏமாத்து வேலை! எனக்குக் கொஞ்சம்கூட தெரியாம, ஆறு வருஷமா..."

"ஒரு நிமிஷம்" என்றார் அண்ணி. உட்கார்ந்தபடியே பேசினார். நிற்க அவரால் முடியவில்லை. "காலைல பதினோரு படமும் எங்களைப் பாத்து வெச்சிருந்துச்சு. நீங்க தலைகீழா பாத்தே யாரு எந்தத் தெருன்னு சொன்னீங்க. முகம் தெரியாத பதினொண்ணாவதைத் தவிர. அதுல மட்டும் உங்க விரல் நின்னுச்சு. அவ்வளவு நல்லா தெரியும் உங்களுக்கு இவங்களை."

"மாசம் இருநூறு படம் பாக்கறேன் மேடம். அதுல ஞாபகம்..."

அண்ணி லேமினேட் தாளை மேஜையில் வைத்தார். பக்கத்தில் பூட்ஸ் படம் இருந்த தையல் பக்கத்தை வைத்தார்.

"ரெண்டும் ஒரே அம்மா. இதுல சாக்கடை. இதுல தையல். நடுவுல நாப்பது நாள். ரெண்டுக்கும் அடியில 'சரிபார்த்து ஒப்புதல் அளித்தவர்'னு ஒரு பேர் இருக்கு. ரெண்டும் உங்க பேருதான். நாப்பது நாள்ல ஒருத்தங்க சாக்கடையை விட்டுட்டு தையல் கத்துக்கிட்டு, அதே பூட்ஸோட வந்து மெஷின்ல உக்காந்துட்டாங்கன்னு நம்பித்தான் கையெழுத்துப் போட்டீங்களா?"

தலைவர் இரண்டு தாளையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தையல்னு போட்டா ரெண்டு மணி நேரத்துல நிறையும்னு உங்களுக்குத் தெரியும்" என்றார் அண்ணி. "நிறைய நிறைய உங்க ஆபீஸுக்கு நல்ல பேரு. அந்தப் பொண்ணு ஒவ்வொரு தடவையும் பொய் எழுதிக் கொண்டுவந்தா, நீங்க ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கிட்டீங்க. வெளிநாட்டுல ஒருத்தங்க நூலைத் தேடினதும், மாட்டிவிட ஆள் தேவைப்பட்டுச்சு. போலின்னு ஒரு தாள் எழுதித் தரச் சொல்லி எங்களைக் கூப்பிட்டீங்க."

மேனேஜர் எதுவோ சொல்ல வாயெடுத்தார். தலைவர் கையைக் காட்டினார்.

அதற்கப்புறம் அரை மணி நேரம் எங்களை வெளியே உட்கார வைத்தார்கள். பெரிய நியாயம் எதுவும் அந்த அறையிலிருந்து வரவில்லை. வந்தது இவ்வளவுதான். போலீஸ் வேண்டாம். ஒன்பது பெண்களின் கடனும் தொடரும், இனிமேல் அவரவர் தொழிலைச் சொல்லி. கட்டில் அக்காவின் பாக்கியை டிரஸ்ட் ஏற்றுக்கொள்ளும். படிவத்தில் 'இறந்துவிட்டார்' என்று ஒரு கட்டம் சேர்ப்பார்கள். வெளிநாட்டு அம்மாளுக்கு நடந்ததை எழுத வேண்டியது அண்ணியின் பொறுப்பு. மேனேஜரைப் பற்றி அடுத்த வாரம் பேசலாம். பையக்காவுக்கு இன்றோடு வேலை இல்லை, பதினொன்றாவது கடனின் மீதியை அவளே கட்ட வேண்டும்.

"முப்பது நாள்ல நிறையாத படத்தை என்ன பண்ணுவீங்க?" என்று அண்ணி கிளம்பும்போது தலைவரிடம் கேட்டார்.

"யோசிக்கணும்" என்றார் தலைவர். உண்மையிலேயே யோசிக்கிறவர் மாதிரிதான் இருந்தது.

வாசல் படியில் பையக்கா உட்கார்ந்திருந்தாள். அண்ணியும் மெதுவாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் நின்றேன்.

"பதினொண்ணாவதை எழுதாம விட்டிருக்கலாமே மேடம்" என்றாள் அவள். கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"விட்டிருக்கலாம்" என்றார் அண்ணி. "விட்டிருந்தா மத்த பத்தையும் யாரும் நம்பியிருக்க மாட்டாங்கம்மா. ஒரு இடத்துல ஒளிச்சேன்னு தெரிஞ்சா போதும், முழுத் தாளையும் கிழிச்சுப் போடுவாங்க. இருபத்திரண்டு வருஷம் பாத்துட்டேன்." முட்டியை நீவினார். "அதுக்காக எனக்கு அது பிடிச்சிருந்துச்சுன்னு நினைக்காதே."

பையக்கா தலையாட்டினாள். "அந்த வெளிநாட்டு அம்மாவுக்கு எழுதுறப்ப, மன்னிச்சுக்கச் சொன்னேன்னு எழுதுங்க."

"எழுதறேன்."

"இனி என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டேன். கேட்கக்கூடாத கேள்வி. ஆனால் யாராவது கேட்டுத்தானே ஆகணும்.

"தெரியல சார். பதினாலு வருஷம் மத்தவங்க என்ன தொழில் பண்ணலாம்னு எழுதிக் குடுத்தேன். எனக்குன்னு யோசிச்சா ஒண்ணும் வர மாட்டேங்குது."

அவளுடைய போன் அடித்தது. எடுத்தாள். எதிர்முனைக் குரல் ஸ்பீக்கரே தேவையில்லாமல் எங்களுக்கும் கேட்டது. ஸ்பிரிங் அம்மா.

"எங்க இருக்கே? மெக்கானிக் எல்லாம் சொன்னாரு. வேலை போச்சா?"

"போச்சு."

"நல்லதாப் போச்சு. லாட்ஜுல ரெண்டாவது தொட்டியும் பொங்கிடுச்சு. ஒரு ஆள் இந்தப் பக்கம் பிடிக்கணும், ஒரு ஆள் அந்தப் பக்கம் சுத்தணும். என்னால தனியா முடியல. வா."

"எனக்கு இதெல்லாம் தெரியாதுக்கா."

"நான் மட்டும் தெரிஞ்சா தச்சேன்? கூலி பாதிப் பாதி."

பையக்கா எங்களைப் பார்த்தாள். அப்புறம் போனை வாய்க்கு ரொம்பக் கிட்டே வைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்கக்கூடாது என்பது போல, "அக்கா, எனக்கு இப்ப கடன் இருக்கு. தெரியும்ல?" என்றாள்.

"தெரியும். அதனாலதான் கூப்பிடறேன். பேசிக்கிட்டே நிக்காத, தண்ணி ஏறுது!"

பையக்கா எழுந்தாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்களிடம் சொல்லிக்கொள்ளக்கூட மறந்து, பஸ் ஸ்டாப் பக்கம் வேகமாக நடக்க ஆரம்பித்தாள்.